குப்பி குறைவு, ஊர் பெரிது



சமுதாய மருத்துவம் கற்பிக்கும் என்னிடம், நோய்த்தடுப்பு பற்றி எதை வேண்டுமானாலும் பேசலாம் என்று இந்தச் சொற்பொழிவின் அமைப்பாளர்கள் சொன்னார்கள். நான் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். ஃப்ளூ காய்ச்சல் பரவும் பருவம் நெருங்கிவிட்டது. ஊரில் எல்லோருக்கும் போடும் அளவுக்குத் தடுப்பூசி இல்லை. இருப்பதை வைத்து ஊரை எப்படிக் காப்பது?

என் விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பற்றாக்குறைக் காலத்தில் ‘யாருக்கு ஆபத்து அதிகம்’ என்று கேட்டு வரிசை போடுகிறோம். அது சரியான கேள்விதான். அதோடு இன்னொரு கேள்வியும் சேர வேண்டும்: அந்த ஆபத்தான நிலையில் இருப்பவரிடம் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? முதியவர் ஒருவரின் உயிரைக் காக்கும் ஊசி, அவருடைய தோளில் ஏறாமல் அவருடைய பேரனின் தோளில் ஏறிய ஊசியாகவும் இருக்கலாம். கையில் இருக்கும் சில குப்பிகளை இந்தக் கணக்கோடு செலவழிக்கிற ஊர் தப்பிக்கும்.

1. ஒரே நாளில் பாதி போயிற்று

2004ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்ததை முதலில் பார்ப்போம். அந்தக் குளிர்காலத்துக்கு ஏறத்தாழ 10 கோடி டோஸ் ஃப்ளூ தடுப்பூசி கிடைக்கும் என்று அந்நாடு எதிர்பார்த்திருந்தது. அதில் கிட்டத்தட்டப் பாதியைத் தர வேண்டிய நிறுவனம் கைரான். தொழிற்சாலை இருந்தது இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில். ஆகஸ்ட் மாதக் கடைசியில், தயாரித்த சில தொகுதிகளில் பாக்டீரியா கலந்திருப்பதாக நிறுவனமே அறிவித்தது. செராஷியா என்ற பாக்டீரியா அது. அக்டோபர் 5ஆம் தேதி பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்தத் தொழிற்சாலையின் உரிமத்தை நிறுத்திவைத்தது. அமெரிக்காவுக்கு வர வேண்டிய 4 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட டோஸ்கள் ஒரே நாளில் இல்லை என்றாயின.

அன்றைக்கே நோய்க்கட்டுப்பாட்டு மையமான சிடிசி முன்னுரிமைப் பட்டியலை வெளியிட்டது. 65 வயதைக் கடந்தவர்கள், 6 முதல் 23 மாதக் குழந்தைகள், நாட்பட்ட நோயுள்ளவர்கள், கர்ப்பிணிகள், முதியோர் இல்லங்களில் இருப்பவர்கள், நோயாளிகளை நேரடியாகத் தொட்டுப் பார்க்கும் மருத்துவப் பணியாளர்கள், 6 மாதத்துக்குக் குறைந்த சிசுக்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள். மற்றவர்கள் இந்த ஆண்டு விட்டுக்கொடுங்கள் என்று அரசு கேட்டது. நல்ல பட்டியல்தான். ஆனால் அந்த நேரத்தில், எஞ்சிய இன்னொரு நிறுவனத்தின் தடுப்பூசியில் 3 கோடிக்கும் மேற்பட்ட டோஸ்கள் முன்பதிவு செய்தவர்களுக்கு ஏற்கெனவே அனுப்பப்பட்டிருந்தன. எந்த மருத்துவரிடம் எத்தனை குப்பி இருக்கிறது என்பதை ஓரிடத்தில் பார்க்க வழியில்லை. ஒரு முதியோர் இல்லத்தில் ஒரு டோஸும் இருக்காது. சற்றுத் தள்ளியுள்ள ஒரு பல்பொருள் அங்காடியில் ஊசி போட்டுக்கொண்டிருப்பார்கள்.

விளைவு என்ன? நாற்காலியும் கைத்தடியுமாக முதியவர்கள் விடியற்காலையிலிருந்து வரிசையில் நின்றார்கள். கலிபோர்னியாவில் அப்படி மணிக்கணக்கில் நின்ற 79 வயது மூதாட்டி ஒருவர் மயங்கி விழுந்து இறந்தார். நியூ ஜெர்சி மாநிலத்தின் புளூம்ஃபீல்டில், வந்த சில நூறு டோஸ்களை யாருக்குத் தருவது என்று குலுக்கல் நடத்தினார்கள். 85 டாலருக்கு விற்ற பத்து டோஸ் குப்பிக்கு 900 டாலர் கேட்டதாக ஒரு விற்பனையாளர் மீது கான்சாஸ் மாநில அரசு வழக்குத் தொடுத்தது. குலுக்கல் நேர்மையானது என்று வாதிடுவோர் உண்டு. நான் ஏற்கமாட்டேன். அந்த ஊரில் முதியவர்கள் யாரோடு வசிக்கிறார்கள், யார் மூச்சுத்திணறலோடு வீட்டில் முடங்கிக் கிடக்கிறார்கள் என்ற விவரம் கையில் இருந்திருந்தால் குலுக்கலுக்கே வேலை இருந்திருக்காது.

லிவர்பூல் ஆலையின் உரிமம் நிறுத்தப்பட்டது பிரிட்டனையும் பாதித்தது. ஆனால் அந்நாடு பல நிறுவனங்களிடம் பிரித்து வாங்கும் வழக்கம் வைத்திருந்தது. இழந்ததைப் பிறரிடம் பெற்று ஈடுகட்டிக்கொண்டது. அமெரிக்காவோ பெரும்பாலும் இருவரையே நம்பியிருந்தது.

2. பற்றாக்குறை ஏன் மீண்டும் வரும்

ஃப்ளூ வைரஸ் ஓயாமல் உருமாறுவது. அதனால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை, வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியிலும் தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரிலும், எந்தெந்த வகைகளைத் தடுப்பூசியில் சேர்ப்பது என்று பரிந்துரைக்கிறது. பெரும்பாலான தடுப்பூசி இன்றும் கோழிமுட்டையில்தான் உருவாகிறது. கரு வளரும் முட்டையில் நுண்ணிய துளையிட்டு வைரஸைச் செலுத்துவார்கள்; அது உள்ளே பெருகியபின் திரவத்தை உறிஞ்சியெடுத்து, வைரஸைச் செயலிழக்கச் செய்து, சுத்திகரித்து, குப்பியில் அடைப்பார்கள். பரிந்துரை வந்த நாளிலிருந்து ஊசியாக வெளிவர ஏறக்குறைய ஆறு மாதம். நடுவில் ஒரு கட்டம் தவறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்கப் பருவம் இடம்கொடாது. 2009இல் புதிய எச்1என்1 பரவியபோது, முட்டையில் வைரஸ் எதிர்பார்த்த அளவு வளராததால் தடுப்பூசி தாமதப்பட்டது. பல இடங்களில் நோய் உச்சத்தை எட்டிய பிறகுதான் ஊசி போதுமான அளவில் வந்து சேர்ந்தது.

நம் நாட்டைப் பற்றி ஒரு சொல். இந்தியாவின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் ஃப்ளூ ஊசி இல்லை. தனியாரிடம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்துப் போட்டுக்கொள்பவர்கள் சிலர். அந்த வகையில் 2004இல் அமெரிக்கர்கள் ஒரு பருவத்துக்கு அனுபவித்தது நம் மக்களில் பெரும்பாலோருக்கு ஆண்டுதோறும் உள்ள நிலை. எனவே நான் சொல்லப்போவது வேறொரு நாட்டின் பழைய கதை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

3. பிள்ளைகள் வழியே ஊருக்குள்

இப்போது என் கருத்தின் மையத்துக்கு வருகிறேன். 1968இல் ஹாங்காங் ஃப்ளூ உலகெங்கும் பரவிக்கொண்டிருந்தது. புதிய வகை என்பதால் தடுப்பூசி மிகக் குறைவு. மிச்சிகன் மாநிலத்தின் தென்கிழக்கில் டெகம்ஸே என்ற சிறு நகரம். அங்கே பல ஆண்டுகளாக மக்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனித்துவந்தவர்கள் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். ஆர்னால்ட் மான்டோவும் அவருடைய குழுவினரும் ஒரு துணிவான முடிவெடுத்தார்கள். கிடைத்த தடுப்பூசியை முதியவர்களுக்கென்று பிரித்துக் கொடுக்காமல், பள்ளிப் பிள்ளைகளில் சுமார் 85 சதவீதத்தினருக்குப் போட்டார்கள். பக்கத்து நகரமான ஏட்ரியனில் அப்படிச் செய்யவில்லை. அந்தப் பருவத்தில் ஏட்ரியன் மக்களிடையே காய்ச்சல், சளி நோய் டெகம்ஸேயைப்போல மூன்று மடங்கு இருந்தது. டெகம்ஸேயில் பெரியவர்கள் பெரும்பாலும் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. அவர்களுக்கும் நோய் குறைந்தது.

ஏன் பிள்ளைகள்? ஒரு வகுப்பறையை நினைத்துப்பாருங்கள். ஒரே பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்து, தண்ணீர் பாட்டிலை மாற்றி மாற்றிக் குடித்து, தும்மியதைக் கையால் துடைத்துக்கொண்டு அதே கையால் அடுத்தவன் பென்சிலை வாங்குவார்கள். பெரியவர்களைவிட அவர்கள் உடலில் வைரஸ் அதிக நாட்கள் வெளிப்படுகிறது. பிறகு மாலையில் வீட்டுக்கு வந்து பாட்டியின் பாயில் பாட்டியை ஒட்டிப் படுத்துக் கதை கேட்பார்கள். நம் வீடுகளில் இது இன்னும் நெருக்கம். வயதான பாட்டிக்கு ஊசி போட்டாலும், முதிய உடல் இளம் உடலைப் போல எதிர்ப்பாற்றலை உருவாக்காது. பேரன் நோயைக் கொண்டு வராமலிருந்தால் பாட்டிக்கு அது ஊசியைவிடப் பெரிய பாதுகாப்பாக இருக்கக்கூடும்.

ஜப்பான் இதை ஒரு தேசத்தின் அளவில் செய்து பார்த்தது. 1962இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் அதைக் கட்டாயமாக்கியது. 1987இல் பெற்றோர் மறுக்கலாம் என்றாயிற்று. 1994இல் திட்டம் கைவிடப்பட்டது. பிள்ளைகளுக்குப் போடுவதால் பயன் தெரியவில்லை என்பது அப்போதைய எண்ணம். 2001இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வில் தாமஸ் ரைக்கர்ட், நோரியோ சுகாயா முதலானோர் அந்தக் காலத்தின் குளிர்கால இறப்புகளைக் கணக்கிட்டார்கள். திட்டம் நடந்த ஆண்டுகளில் ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 இறப்புகள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்பது அவர்கள் மதிப்பீடு. காப்பாற்றப்பட்டவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். திட்டம் நின்றபிறகு குளிர்கால இறப்பு மீண்டும் உயர்ந்தது. பயன் பிள்ளைகளிடம் தேடப்பட்டது; அது அவர்களுடைய பாட்டன் பாட்டிகளிடம் இருந்தது.

ஜப்பான் கணக்கு பின்னோக்கிப் பார்த்துச் செய்த மதிப்பீடு என்பதால் ஐயம் எழுப்பியவர்கள் உண்டு. அவர்களுக்கு விடையாக ஒரு சீரான சோதனை கனடாவில் நடந்தது. ஆல்பர்ட்டா, சஸ்காட்ச்வான், மனிடோபா மாநிலங்களில் ஹட்டரைட் என்ற கிறித்தவ சமூகத்தினர் கூட்டுக் குடியிருப்புகளில் வாழ்கிறார்கள். பொதுச் சொத்து, பொதுச் சமையல், எல்லோரும் ஒரே கூடத்தில் உண்பது. வெளியுலகத் தொடர்பு குறைவு. ஆய்வுக்கு இதைவிடத் தெளிவான களம் அமையாது. மார்க் லோப் தலைமையிலான குழு 49 குடியிருப்புகளைச் சீட்டுப்போட்டுப் பிரித்தது. ஒரு பாதியில் 3 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி. மறுபாதியில் மஞ்சள் காமாலைக்கான ஹெபடைட்டிஸ் ஏ ஊசி. 2008–09 பருவத்தில், ஊசியே போட்டுக்கொள்ளாத மற்றவர்களிடையே, பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்ட குடியிருப்புகளில் ஃப்ளூ 61 சதவீதம் குறைந்திருந்தது. தங்களுக்குப் போடாத ஊசியால் காக்கப்பட்டவர்கள் அவர்கள்.

4. தூவினால் யாருக்கும் உதவாது

அப்படியானால் எப்போதும் பள்ளிக்கே முதல் ஊசியா? இல்லை, இங்கே கவனம் வேண்டும். பிள்ளைகள் வழியே ஊரைக் காக்கும் முறை வேலை செய்ய, பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் போட்டாக வேண்டும். டெகம்ஸேயில் 85 சதவீதம். ஹட்டரைட் குடியிருப்புகளிலும் 80 சதவீதத்துக்கு மேல். ஒரு வகுப்பில் நான்கு பேருக்குப் போட்டால் அந்த நான்கு பேருக்கு மட்டுமே நன்மை. கிருமி மற்றவர்கள் வழியே வீட்டுக்குப் போய்விடும்.

ஆகவே என் பரிந்துரை இது. கையில் மிகச் சிறிதளவே இருந்தால், மிக நலிந்தவர்களைச் சுற்றி வளையம் கட்டுங்கள். ஓரளவு இருந்தால், ஒரு பள்ளியை முழுமையாக முடியுங்கள். பிறகு அடுத்த பள்ளி. ஆளுக்குக் கொஞ்சம், ஊருக்குக் கொஞ்சம் என்று தூவுவதுதான் ஆகப்பெரிய வீண். அது எல்லோருக்கும் நீதி செய்ததைப் போலத் தோன்றும். அரசியலில் அதற்கு வரவேற்பும் உண்டு. நோயைத் தடுக்காது.

வளையம் என்றால் என்ன? கர்ப்பிணியிலிருந்து தொடங்குங்கள். 6 மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு ஃப்ளூ ஊசி போட முடியாது. ஆனால் தாய்க்குப் போடலாம். அதே 2004–05 காலத்தில் டாக்காவில் 340 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வில், கர்ப்பகாலத்தில் ஃப்ளூ ஊசி பெற்ற தாய்மார்களின் சிசுக்களுக்குச் சோதனையில் உறுதியான ஃப்ளூ 63 சதவீதம் குறைவாக வந்தது. ஒரு டோஸில் இரண்டு உயிர். பற்றாக்குறைக் காலத்தில் இதைவிடச் சிக்கனமான செலவு வேறில்லை.

அடுத்து மருத்துவமனைப் பணியாளர்கள். மருத்துவரையும் செவிலியரையும் மட்டும் சொல்லவில்லை. படுக்கை விரிப்பவர், உணவுத் தட்டு கொண்டு வருபவர், நோயாளியைக் கைத்தாங்கலாகக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்பவர், இவர்களே நாளெல்லாம் முதியவரின் முகத்தருகே இருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் முதியோர் நெடுங்காலச் சிகிச்சை மருத்துவமனைகளில் நடந்து 2000இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், பணியாளர்களுக்கு ஊசி வழங்கிய இடங்களில் குளிர்காலத்தில் நோயாளிகளின் இறப்பு 13.6 சதவீதம், வழங்காத இடங்களில் 22.4 சதவீதம். இவ்வளவு வேறுபாடும் ஃப்ளூவால் வந்ததுதானா என்று பிறர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. எண் சற்றுக் குறையலாம். திசை மாறாது என்பது என் மதிப்பீடு.

5. அரை டோஸ்

சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். 2004 பற்றாக்குறையின்போது அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் 18 முதல் 49 வயதுவரையுள்ள நலமானவர்களுக்குப் பாதி டோஸ் போட்டுப் பார்த்தார்கள். முழு டோஸுக்குக் கிட்டத்தட்ட நிகரான எதிர்ப்பாற்றல் உண்டானது. தசையில் போடாமல் தோலுக்குள் ஐந்தில் ஒரு பங்கை மட்டும் செலுத்தியும் இளவயதினரிடம் நல்ல பலன் கண்டார்கள். முதியவர்களிடம் இது எடுபடவில்லை. எனவே அரை டோஸ் என்பது இளம் பணியாளர்களுக்கு உரிய சிக்கனம். முதியவரிடம் சிக்கனம் பிடிக்கக் கூடாது.

6. ஊசி கிடைக்காதவர்கள் செய்யக்கூடியது

எப்படிப் பங்கிட்டாலும் ஊரில் பெரும்பாலோருக்கு ஊசி இருக்காது. அவர்கள் வெறும் பார்வையாளர்கள் அல்லர். ஃப்ளூ தொற்றியவர் காய்ச்சல் தெரிவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே பரப்பத் தொடங்குகிறார்; பிறகு ஐந்து முதல் ஏழு நாள்வரை பரப்புகிறார். வழவழப்பான ஸ்டீல், பிளாஸ்டிக் பரப்புகளில் அந்த வைரஸ் ஒரு நாளுக்கு மேலும் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. ஆனால் அதன் வெளியுறை கொழுப்பாலானது. சாதாரணச் சோப்பு அதைக் கரைத்துவிடும்.

இதில் வேளை முக்கியம். 2008இல் ஹாங்காங்கில் ஃப்ளூ வந்தவர்களின் வீடுகளில் ஓர் ஆய்வு நடந்தது. வீடுகளைச் சீட்டுப்போட்டுப் பிரித்து, சிலவற்றுக்குக் கைகழுவலையும், சிலவற்றுக்கு அதோடு முகக்கவசத்தையும் கற்பித்து, இவை கற்பிக்கப்படாத வீடுகளோடு ஒப்பிட்டார்கள். நோயாளிக்கு அறிகுறி தோன்றி 36 மணி நேரத்துக்குள் அவற்றைத் தொடங்கிய வீடுகளில்தான் மற்றவர்களுக்குத் தொற்றுவது தெளிவாகக் குறைந்தது. நாம் என்ன செய்கிறோம்? பிள்ளைக்குக் காய்ச்சல் இரண்டு நாள் நீடித்து, மாத்திரைக்கும் கட்டுப்படவில்லை என்ற பிறகே பாட்டியைத் தள்ளிப் படுக்கச் சொல்கிறோம். முதல் நாள் இரவே பாயைப் பிரிக்க வேண்டும். பரீட்சையாயிற்றே, வருகைப்பதிவு குறையுமே என்று காய்ச்சலோடு பள்ளிக்கு அனுப்புகிறோம். காய்ச்சல் அடங்கி ஒரு முழு நாள் கழியும்வரை பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்வதற்குப் பள்ளி நிர்வாகம் வருகைப்பதிவில் விலக்குத் தர வேண்டும். தினக்கூலி வாங்கும் தாய் வீட்டிலிருக்க முடியாது என்றால், அது அந்தத் தாயின் அலட்சியம் ஆகாது. ஊதியத்தோடு விடுப்பு தராத நம் ஏற்பாட்டின் குறை.

மருந்து பற்றியும் சொல்ல வேண்டும். ஒசல்டாமிவிர் மாத்திரை, அறிகுறி தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்கு உதவும். மருந்து இருக்கிறது என்று நம்பி இருந்துவிடக் கூடாது. 2004இல் ஊசிக்கு மாற்றாக அமாண்டடின் வகை மருந்துகளையும் அமெரிக்கா பரிந்துரைத்தது. 2005–06 பருவத்தில் அங்கே கிடைத்த எச்3என்2 வகை ஃப்ளூ வைரஸ்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அந்த மருந்துகளுக்குக் கட்டுப்படவில்லை. 2006 ஜனவரியில் அவற்றைக் கொடுக்க வேண்டாம் என்று சிடிசியே அறிவித்தது.

7. பருவத்தின் பிற்பாதி

2004இன் கதைக்கு ஒரு முடிவு உண்டு. அதைப் பலர் சொல்வதில்லை. அக்டோபரில் வரிசை; டிசம்பரில் பல மாநிலங்களில் தடுப்பூசி மிச்சம். விட்டுக்கொடுங்கள் என்று கேட்டதை மக்கள் உண்மையாகவே செய்திருந்தார்கள். நலமான இளவயதினர் பெருமளவில் ஒதுங்கிக்கொண்டார்கள். அதை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் அவர்களோடு சேர்ந்து, பட்டியலில் இருந்த முதியவர்கள் பலரும் ‘கிடைக்காது’ என்று எண்ணி வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். 2005 ஜனவரி 3 முதல் 50 வயதைக் கடந்தவர்களுக்கும், நலிந்தவர்களோடு வசிப்பவர்களுக்கும் போடலாம் என்று தளர்த்தினார்கள். அந்தப் பருவத்தின் உச்சம் வந்தது பிப்ரவரியில். ஆகவே காலம் இருந்தது; குப்பியும் இருந்தது. ஆளைத்தான் திரும்ப அழைத்து வர முடியவில்லை.

வீட்டுக்குப் போய்விட்ட ஆளைத் தேடிப் போக ஒரு ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் பெண் தன்னார்வலர்கள் வீடு வீடாக மாத்திரை கொண்டு கொடுக்கிறார்கள். எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் முதியவர் இருக்கிறார், அவரைப் பார்த்துக்கொள்வது யார், அந்த வீட்டில் பள்ளி செல்லும் பிள்ளை உண்டா என்பதெல்லாம் அந்தப் பெண்களுக்குத் தெரியும். கிராம செவிலியரின் பதிவேட்டில் ஊரின் ஒவ்வொரு கர்ப்பிணியின் பெயரும் இருக்கிறது. புளூம்ஃபீல்டில் இல்லாத விவரம் இங்கே இருக்கிறது. ஆனால் அது தனித்தனி நோட்டுகளில், தனித்தனித் திட்டங்களின் கீழ்க் கிடக்கிறது.

ஃப்ளூ நம் நாட்டில் எல்லா இடத்திலும் ஒரே காலத்தில் வருவதில்லை. டெல்லியிலும் புனேயிலும் தென்மேற்குப் பருவமழையோடு உயர்கிறது. சென்னையிலும் வேலூரிலும் அக்டோபர் முதல் டிசம்பர்வரை, வடகிழக்குப் பருவமழையோடு உயர்வதைக் கண்காணிப்பு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதாவது வடக்கே நோய் ஏறும்போது நமக்கு இரண்டு மூன்று மாத அவகாசம் கிடைக்கிறது. ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையமும் ஜூலை மாதத்தில் அந்த இரண்டு நோட்டுகளையும் பள்ளியின் பெயர்ப் பட்டியலையும் ஒரே மேசையில் வைத்து, வீடு வீடாகப் பொருத்தி எழுதட்டும். நூறு டோஸ் வந்தால் எந்த வீடுகள், ஆயிரம் வந்தால் எந்தப் பள்ளி, ஒன்றும் வராவிட்டால் மழை தொடங்கிய முதல் வாரத்தில் தன்னார்வலர் எந்தெந்த வீட்டுக்குப் போய்ப் பாயைப் பிரிக்கச் சொல்ல வேண்டும் என்று மூன்று பக்கம். செப்டம்பர் முடிவதற்குள் அந்த மூன்று பக்கமும் மாவட்டச் சுகாதார அலுவலரின் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.